கண்மாயைக் காலி செய்த புயல் படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதத்தில், திருப்புல்லாணிக்கு மேற்கே உள்ளடங்கிய எங்கள் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சம்பந்தப்பட்டவருக்கு வெட்கம் வரும் என்று நினைத்தால் தாராளமாகச் சொல்லியிருப்பேன். அவருக்கு அதெல்லாம் வராது. 'பத்திரிகையில என்னையப் பத்தி வந்திருக்குல்ல' என்று நாலு பேரிடம் காட்டிக்கொண்டு திரிவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்கு நான் கொடுப்பதாக இல்லை.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வெளியூரில் ஒரு கல்லூரியில் புயல் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். ஊரில் என்னை "டிவியில மழை சொல்ற புள்ள" என்பார்கள். நான் ஒருநாளும் டிவியில் வந்ததில்லை. கணினிக்குள் ஒரு புயலை உருவாக்கி, அது எப்படி நகர்கிறது, எங்கே கரையேறுகிறது, எவ்வளவு மழை கொட்டுகிறது என்று ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

ஓட்டத் தொடங்கும்போது, இந்த நிமிடம் கடலும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அதைத் தொடக்க நிலை என்போம். சிக்கலே அங்கேதான். நடுக்கடலில் யார் போய் ஒவ்வொரு இடத்திலும் ஈரத்தையும் சூட்டையும் அளக்கிறார்கள்? செயற்கைக்கோள் கொஞ்சம் சொல்லும், கப்பல் கொஞ்சம் சொல்லும், மிச்சம் எல்லாம் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் ஒரு இடத்தில் ஈரம் இம்மியளவு கூடிப்போனாலும், குறைந்துபோனாலும், இரண்டு மூன்று நாள் கழித்து வருகிற புயலே வேறாகிவிடும். அதனால்தான் நாங்கள் ஒரே ஒரு தடவை ஓட்டுவதில்லை. தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, இருபது தடவைக்கு மேல் ஓட்டுவோம். எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். அதில் ஒன்றை மட்டும் எடுத்து 'இதுதான் நடக்கும்' என்று சொல்வதற்குப் பெயர் கணிப்பு இல்லை, பித்தலாட்டம். இதைத்தான் எங்கள் ஊரில் செய்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ராமநாதபுரத்தில் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டுக்கு வந்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியும், வேளைக்கு வேளை சொட்டு மருந்துமாக அவர் உட்கார்ந்திருக்க, நான் கல்லூரியின் பெரிய கணினியில் வீட்டிலிருந்தே வேலையை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அங்கேயே குடியிருந்தேன்.

அந்த வருடம் ஊரே முகம் மலர்ந்திருந்தது. காரணம், கண்மாய். எங்கள் பக்கம் ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கண்மாயில் நின்றால்தான் தை மாதம் நெல். எத்தனையோ வருடம் கழித்து அந்தத் தடவைதான் கண்மாய் கரை தொட்டு நிறைந்திருந்தது. என் சித்தி, அதாவது அய்யாவின் தம்பி மனைவி, தினமும் காலையில் கரையேறிப் போய் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். சித்தப்பா இறந்து பல வருடமாகிறது. பாகம் பிரித்தபோது சித்திக்கு வந்தது கண்மாயின் கடைசி மடைப் பாசனத்தில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கும் வயல். கண்மாயில் பாதித் தண்ணீர் இருந்தால் அந்த வயலுக்கு எட்டாது. முழுக் கண்மாயாக இருந்தால்தான் கடைசித் தண்ணீர் வரைக்கும் அங்கே பாயும். அந்த வருடம்தான் முதல் தடவையாகத் துணிந்து முழு வயலிலும் நெல் போட்டிருந்தார்.

இன்னொருவருக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை. அவர் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. அவர் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலேயே, வருடம் வருடமாக மிளகாய் போட்டு வந்தவர். கண்மாய் நிறையாத வருடங்களில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்த வருடம் தண்ணீர் ஏறி அவருடைய மிளகாய்ச் செடிகளின் காலடிக்கே வந்துவிட்டது. மிளகாய்க்கு வேரில் தண்ணீர் நின்றால் அவ்வளவுதான். இன்னும் ஒரு சாண் ஏறினால் மொத்தமும் அழுகிவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மடை ஷட்டரைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி ஒரு வருடம் ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்தான் அந்த வருடத்து முறைக்காரர். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கைதான். வேறு யாரும் தொட்டால் அது ஊரை அவமதித்த மாதிரி. அந்த வருடம் முறைக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் என் அண்ணன்தான்.

வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி, பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்த நேரம். நான் மாடியில் உட்கார்ந்து அந்தப் புயலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அய்யாவைப் பார்க்க வந்த அண்ணன், ஒரு சீப்பு வாழைப்பழத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, நேராக மாடிக்கு ஏறி வந்தார்.

"என்ன பாப்பா, புயல் வருதாமே?"

திரையைக் காட்டினேன். கட்டம் கட்டமாகப் படங்கள். சிலவற்றில் புயல் இலங்கையிலேயே மோதி நொறுங்கிப் போகிறது. சிலவற்றில் வடக்கே திரும்பிப் போய்விடுகிறது. சிலவற்றில் தொண்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கரையேறுகிறது. ஒரே ஒரு படத்தில் மட்டும் மண்டபத்தின் மேல் நேராக ஏறி, எங்கள் ஊர்ப் பக்கம் முழுக்கச் சிவப்பாக மழையைக் கொட்டியிருந்தது.

எனக்கு யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் சந்தோஷம். அன்றைக்கு அவருக்கு உட்கார வைத்துப் பாடமே எடுத்தேன். "கண்மாய்க் கரை மேட்டு உச்சியில ஒரு மழைத்துளி விழுதுன்னு வைங்கண்ணே. ஒரு நூல் இந்தப் பக்கம் விழுந்தா கண்மாய்க்குள்ள போகும், ஒரு நூல் அந்தப் பக்கம் விழுந்தா வயலுக்குப் போகும். துளி ஒண்ணுதான். இந்தப் புயலும் இன்னைக்கு அந்த உச்சியில நிக்குது. எந்தப் பக்கம் விழும்னு இன்னைக்குத் தெரியாது. நாளைக் கழிச்சு மதியத்துக்குப் புது அளவெல்லாம் வந்துரும். அதை வச்சு மறுபடி ஓட்டினா ஓரளவு தெளியும்" என்றேன்.

"அட, இம்புட்டு இருக்கா இதுக்குள்ள! நல்லாப் புரியுது பாப்பா" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "இதுல எதுல மழை சாஸ்தி?"

நான் காட்டினேன். அய்யாவுக்குச் சொட்டு மருந்து போடும் நேரமானதால் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது அவர் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். "வாரேன் பாப்பா" என்றார். நானும் "சரிண்ணே" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் என் போன் அலறத் தொடங்கியது. மண்டபத்திலிருந்து அத்தை, பரமக்குடியிலிருந்து மாமா, கூடப் படித்தவள், யார் யாரோ. எல்லோரும் ஒரே கேள்வி. ஊர் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தேன். என் திரையிலிருந்த அந்த ஒரே ஒரு சிவப்புப் படம். மற்றதெல்லாம் வெட்டி எறியப்பட்டிருந்தது. எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் வட்டம் போட்டு, மேலே எழுதியிருந்தது: 'நம்ம ஊர்ப் பெண் விஞ்ஞானியின் கணிப்பு. நூறு சதவீதம் உறுதி. கண்மாய் தாங்காது. அனைவருக்கும் பகிரவும்.' அதற்குக் கீழே கும்பிடுகிற கை நான்கைந்து.

உறுதியாம்! முதல் நாள்தான் 'தெரியாது, தெரியாது' என்று தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது? நான் உங்ககிட்ட என்ன சொன்னேன், நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"எச்சரிக்கைதான பாப்பா. நாலு பேரு உசாரா இருக்கட்டுமேன்னுதான்."

"உஷாரா இருக்கணும்னா எல்லாப் படத்தையும்ல போடணும்? பாதிக்கு மேல புயல் இங்கன வரவே இல்லியே! அதெல்லாம் எங்க?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "அம்புட்டையும் போட்டா நம்ம சனத்துக்குக் கொழப்பமாயிரும். நறுக்குன்னு ஒண்ணு சொன்னாத்தான் கேப்பாங்க."

நம் சனத்துக்குக் குழப்பமாகிவிடுமாம். வானம் பார்த்து விதைக்கிற சனத்துக்கு 'வரலாம், வராமலும் போகலாம்' என்பது புரியாதாம். அவர்கள் வாழ்க்கையே அப்படித்தானே ஓடுகிறது? ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்கிறவன், ஜனங்களுக்குப் புரிந்துவிடுமே என்று பயப்படுகிறவன். அன்றைக்கு இதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. குரூப்பில் நான் மறுத்து எழுதியது, புயல் செய்திகளுக்கு நடுவே யாரும் பார்க்காமல் மேலே ஏறிப் போயிற்று.

மதியம் கண்மாய்க் கரை அய்யனார் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் என்று தண்டோரா இல்லாத குறையாகச் சொல்லிவிட்டார்கள். மடைகளைத் திறந்து தண்ணீரை வடிப்பதா வேண்டாமா என்று பேச. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. 'எதுல மழை சாஸ்தி' என்று அவர் கேட்டது ஏன் என்று.

அய்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ஆத்தா. பங்காளிப் பகை ஆகாது. நீ இன்னும் நாலு நாளுல போயிருவ. நாங்க இங்கனதான் கெடக்கணும்." கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் தெரியவில்லை, ஆனால் பிடியை விடவில்லை. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. கையை விடுவித்துக்கொண்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் ஊரே கூடியிருந்தது. ஜீப்பில் ஒரு அதிகாரியும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் போனை நீட்டி, "இது நீங்க போட்டதுதானே மேடம்?" என்றார். அதே சிவப்புப் படம்.

"நான் போட்டது இவ்வளவும்" என்று லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். கரையில் வெயிலில் திரை சரியாகத் தெரியாததால், ஒருவர் துண்டைப் பிடித்து நிழல் காட்டினார். ஒவ்வொரு படமாகக் காட்டினேன். இதில் வருகிறது, இதில் வரவில்லை, இதில் தூறலோடு போகிறது. கூட்டம் உண்மையிலேயே கவனித்தது. குழப்பமெல்லாம் யாருக்கும் வரவில்லை. "அப்ப நாளைக்குத் தெரிஞ்சுருமா?" என்றுதான் கேட்டார்கள்.

கரைக்குக் கீழே தாழ்வில் இருக்கும் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் மட்டும் முகம் இறுகி நின்றார்கள். அவர்கள் பயம் நியாயமானது. முன்பு ஒருமுறை கரை உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை அவர்கள் மறக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு சொட்டுக் கோபம் கிடையாது.

அண்ணன் அந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "பாப்பா, நீ படிச்ச புள்ள. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். புயல் வராதுன்னு உன்னால உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"மாட்டேன். வரும்னும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டுக்கங்கப்பா. அந்தப் புள்ளையே வராதுன்னு சொல்லல."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! என் வாயிலிருந்து வந்த உண்மையையே எடுத்து என் கழுத்தை நெரித்தார். பொய் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் ஜெயித்திருப்பேன்.

அப்போதுதான் சித்தி எழுந்தார். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நேராக அண்ணன் முன்னால் போய் நின்றார். "ஏலே, புயல் மேல உனக்கு என்னலே அம்புட்டு அக்கற? உன் மொளகாக் காலுல தண்ணி நிக்குது, அதச் சொல்லு. உள்வாய ஆக்கிரமிச்சு வெவசாயம் பண்ணிட்டு, கண்மாய் நெறஞ்சா கண்மாயைத் தொறப்பியோ? அப்ப எம்பயிரு?"

"சித்தி, ஊருக்காகப் பேசுறேன்..."

"ஊராம் ஊரு! நானும் இந்த ஊருதான்லே!"

கூட்டத்தில் சலசலப்பு. அதிகாரி வாட்சைப் பார்த்தார். கடைசியில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாளை மதியம் வரைக்கும் பொறுங்க. புது அளவு வந்துரும். வருதுன்னு தெரிஞ்சா நானே முன்னால நின்னு தொறக்கச் சொல்றேன். புயல் கரையைத் தொட அதுக்கப்புறமும் நேரம் இருக்கு." கீழ்த்தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "நாள மத்தியானம்தான? அதுவரைக்கும் கரையில காவலுக்கு ஆள் போடுவோம்" என்று ஒத்துக்கொண்டார். அதிகாரியும் சரி என்றார். அண்ணனும் தலையை ஆட்டினார். ஆமாம், ஊர் முன்னால் தலையை ஆட்டினார்.

விடிந்தும் விடியாத நேரத்தில் சித்தி எங்கள் வாசலில் நின்று கத்தினார். "ஏ புள்ள, மடை போகுதுடி! ரெண்டு மடையும் போகுது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு மடையிலும் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டிருந்தார்கள். வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. கரைக் காவலுக்கு நின்றவர்களிடம், "கூட்டத்துல பேசிட்டோம், அதிகாரி சொல்லிட்டாரு" என்று சொல்லித் திறந்திருக்கிறார் அண்ணன். முறைக்காரர் சொன்னால் யார் மறுப்பார்கள்? திறந்துவிட்டு, கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு ஆள் ராமநாதபுரம் போய்விட்டார். போன் அணைந்து கிடந்தது.

கரையில் ஐம்பது பேராவது நின்றிருப்பார்கள். எல்லோரும் தண்ணீர் ஓடுவதை வேடிக்கை பார்த்தார்கள். "யாராச்சும் அடைங்கய்யா, ஷட்டரை ஏதாச்சும் பண்ணி இறக்குங்கய்யா" என்று கெஞ்சினேன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவரே அங்கே நின்றார். அவர் நினைத்தால் ஒரு மணி நேரத்தில் வேறு கம்பியைக் கொடுத்து இறக்கியிருப்பார். "முறைக்காரர் தொறந்தது. முறைக்காரர்தான்மா அடைக்கணும். நாம கைய வச்சா நாளைக்கு வம்பாயிரும்" என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். பக்கத்து ஊர்க் கண்மாய்க்கும் அதே மாதிரி ஷட்டர்தான் என்பதால் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே பறந்தேன். கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஊர் முறைக்காரர் சொன்னார், "உங்க ஊர் முறைக்காரரு சொல்லாம நாங்க தாரது மொறையில்லம்மா."

முறை! கூட்டத்தில் ஒத்துக்கொண்டதை மீறியவன் முறைக்காரன். ஓடுகிற தண்ணீரை நிறுத்தக் கைப்பிடி கேட்ட நான் முறை தெரியாதவள். அந்த இரும்புக் கைப்பிடியை யாரோ நம் முன்னோர்கள், ஆளாளுக்குத் திறந்து தண்ணீரைப் பாழாக்கிவிடக் கூடாதே என்றுதான் ஒரு கையில் கொடுத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் பாழாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே அந்த முறையைப் பிடித்துக்கொண்டிருந்த அறிவை என்ன சொல்ல?

நான் திரும்பி வந்தபோது சித்தி கண்மாய்க்குள் இறங்கியிருந்தார். மார்பளவு தண்ணீரில், வைக்கோலைத் திணித்த சாக்கு மூட்டையை மடை வாயில் செருகுவதற்காகத் தள்ளிக்கொண்டு போனார். என் உயிரே போய்விட்டது. திறந்த மடை ஆளையே உள்ளே இழுத்துவிடும். நான் அப்படியே குதித்து, அவர் சேலையையும் முடியையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். மூட்டை அவர் கையை விட்டு நழுவி, மடைக்குள் சர்ரென்று போய் மறைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கரையில் நின்றவர்களுக்கு உறைத்து, இரண்டு பேர் இறங்கி எங்களைத் தூக்கிவிட்டார்கள். சித்தி கரையில் உட்கார்ந்து மண்ணை வாரி வாரி ராமநாதபுரம் இருக்கிற திசையில் எறிந்தார். அழவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். இங்கே எழுத முடியாது.

அன்று மதியம், சொன்னபடி புது அளவுகள் வந்தன. ஈரச் சேலையோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை படங்கள் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கவில்லை. ஏறக்குறைய எல்லாமே ஒன்றையே சொல்லின. புயல் இலங்கையைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும், எங்களுக்குத் தூறல்தான். அப்படியேதான் நடந்தது. ஒரு அரை நாள் பொறுத்திருந்தால் போதும். அரை நாள்!

அண்ணன் மறுநாள் மாலைதான் ஊர் திரும்பினார். மடையை அடைத்தபோது கண்மாயில் எருமை குளிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. வயல்கள் குடித்தது போக, மிச்சமெல்லாம் ஓடை வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. உள்வாயில் மிளகாய்ச் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன.

அவரிடம் போய்க் கேட்டேன். ஊரே கூடி நின்று கேட்கட்டும் என்று தெருவில் வைத்தே கேட்டேன். அவர் குரலையே உயர்த்தவில்லை. "நான் என்ன பாப்பா செஞ்சேன்? உன் படத்த நம்பித்தான் தொறந்தேன். நீ போட்ட படம் பொய்யாப் போச்சுன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்றார். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அதிகாரியிடம் புகார் கொடுத்தேன். "மேடம், ஆதாரமா இருக்கறதே நீங்க போட்ட படம்தானே?" என்றார் அவர். அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் 'புயலம்மா' என்று பெயர். டீக்கடையில் வெயில் அடித்தால் "புயலம்மா மழைன்னு சொல்லிருக்கும்" என்பார்களாம். மழைக்கும் சேர்த்துச் சொன்னேன், வெயிலுக்கும் சேர்த்துச் சொன்னேன், நாளை மதியம் வரை பொறுங்கள் என்றும் சொன்னேன். மூன்றும் யாருக்கும் நினைவில்லை. நான் சொல்லாத 'உறுதி' மட்டும் என் பெயரில் நின்றுவிட்டது.

கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை. தை பிறந்து நான் ஊருக்குப் போனபோது சித்தியின் வயலுக்குப் போனேன். கதிர் வெளியே வரும் நேரத்தில் தண்ணீர் எட்டாமல், மொத்தமும் சாவியாகிப் போயிருந்தது. ஒரு கதிரைப் பிடுங்கி நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் உமி. மாடுகளை உள்ளே மேய விட்டுவிட்டு, சித்தி வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது.

"ஏ புள்ள, ஒண்ணு கேக்கவா?" என்றார். "அன்னைக்குக் கூட்டத்துல வராதுன்னு நீ ஒரு பொய் சொல்லிருந்தா, கீழத்தெருக்காரகளே அவனத் தொறக்க விட்டிருக்க மாட்டாகள்ல? எம்பயிரு பொழச்சிருக்கும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்திருந்தா சித்தி? நான் வராதுன்னு சொல்லி, அதை நம்பிக் கரைக்குக் கீழ எல்லாரும் வீட்டுல இருந்து, வந்திருந்தா? அன்னைக்கு எனக்கே தெரியாதே."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார்.

"நீ சொல்றதுஞ் சரித்தான். ஆனா எம்பயிரு போச்சே" என்றார்.

அவர் சொன்ன இரண்டும் உண்மை. இன்றைக்கும் ஒவ்வொரு புயலுக்கும் இருபது தடவைக்கு மேல் ஓட்டுகிறேன். யார் கேட்டாலும் எல்லாப் படங்களையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். ஒன்றை மட்டும் கேட்பவருக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்த உண்மையைச் சொன்னது நான், அதற்காக ஒரு போக விளைச்சலைப் பறிகொடுத்தது சித்தி. பொய் சொன்னவரோ அந்த வருடமும் மிளகாய் பறித்தார். மறந்துவிடு, ஆறவிடு என்று அய்யா முதற்கொண்டு எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கோபத்தை ஆறவிட்டால், சித்தி பட்ட நஷ்டத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆளும் இருக்காது என்பதால், நான் ஆறவிடப் போவதில்லை.